ஒரு விதையில் நாலு முளை



மலர்க் குழுவில் ஆளுக்கொரு தலைப்பைப் பிரித்துக்கொண்டபோது, "நான் பீட்ரூட்டைப் பத்தி எழுதறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "சமையல் குறிப்புங்களாக்கா?" என்று கேட்டாள் பக்கத்துக் குழுவின் ஊக்குநர். "இல்ல கண்ணு, வரலாறு" என்றதும் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. பீட்ரூட்டுக்கு என்ன வரலாறு, அது என்ன ராஜாவா ராணியா என்று. ராஜாவும் உண்டு, பேரரசனும் உண்டு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவர்களுக்காக இல்லை. என் அம்மாவிடம் சின்ன வயதில் கேட்ட ஒரு கேள்விக்காக.

முப்பது வருசம் இருக்கும். நான் ஆறாம் வகுப்பு. உடுமலைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உள்ள காடுகளில் பீட்ரூட் போடுவார்கள். லீவு நாளில் அம்மாவோடு நானும் செடி கலைக்கப் போவேன். கலைப்பு என்றால் உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லவே வேண்டாம், இடுப்பே சொல்லும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விதை ஊன்றி 20 நாள் வாக்கில் ஒவ்வொரு குழியிலும் மூன்று நான்கு செடி நெருக்கியடித்து நிற்கும். நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்ததும் சேர்ந்து வரும். அதனால் இடது கை விரலால் இருக்க வேண்டிய செடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் உருவ வேண்டும். பாரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் குனிந்த தலை நிமிராது. கலைக்காமல் விட்டால் கிழங்கு திரளாது, எலி வால் மாதிரி நாலு வேர்தான் கிடைக்கும்.

"ஏம்மா, குழிக்கு ஒரு விதைதானே போட்டோம்? எப்படி நாலு முளைச்சுது?"

"அது அப்படித்தான் கண்ணு. பேசாம கலை."

அம்மா இப்போது இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இருந்தது. என் மகள் வேளாண் கல்லூரியில் சேர்ந்த பிறகு அவள் கொண்டுவந்த புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தும், அவளைப் படித்துச் சொல்லச் சொல்லியும் பதிலைத் தெரிந்துகொண்டேன்.

பீட்ரூட் விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மிளகு மாதிரி வழவழப்பாக இருக்காது. மேடும் பள்ளமுமாக, நெருஞ்சி முள்ளுக்குத் தம்பி மாதிரி இருக்கும். அது ஒரு விதையே இல்லை. பூக்கும்போதே இரண்டு மூன்று பூ ஒட்டிக்கொண்டு பூத்து, காய்ந்து, ஒரே கட்டியாக இறுகிப்போன பழக்கொத்து அது. ஒவ்வொரு பூவுக்கும் உள்ளே ஒரு விதை. நாம் ஒன்று ஊன்றுவதாக நினைத்து மூன்று நான்கு ஊன்றுகிறோம். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் இந்தச் சின்ன ரகசியத்தால் உலகத்தில் எத்தனை லட்சம் இடுப்பு வளைந்தது என்று படித்தபோதுதான் இதை நம் மலரில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பீட்ரூட்டின் பாட்டி கடற்கரையில் தானாக முளைக்கும் ஒரு கீரை. ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரையிலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியும் இன்றும் அது உப்புக் காற்றில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆதியில் மனிதர்கள் அதன் இலையைத்தான் தின்றார்கள். கிரேக்கர்களும் ரோமானியர்களும் இலையைச் சமைத்தார்கள், வேரை மருந்துக்கு எடுத்தார்கள். இப்போது நாம் பார்க்கும் உருண்டைக் கிழங்கு 16-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஐரோப்பியத் தோட்டங்களில் நன்றாகத் தெரிய வருகிறது. நாம் கடையில் பாலக் என்று கட்டு வாங்குகிறோமே, அதுவும் இதே குடும்பம்தான், பீட்ரூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பாலக்கைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, பீட்ரூட் தழையை ஒடித்துக் குப்பையில் போடுகிற புத்திசாலிகள் நாம். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

அதுவரைக்கும் இது வீட்டுத் தோட்டத்துப் பயிர். நாலு பாத்தி போடுவார்கள், வீட்டுக்காரி கலைத்துக்கொள்வாள். இதை ஏக்கர் கணக்கில் போட வைத்தது சர்க்கரை.

1747-ல் ஜெர்மனியின் பெர்லினில் மார்கிராஃப் என்ற வேதியியல் அறிஞர், பீட் கிழங்கிலிருந்து எடுத்த இனிப்பும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அவருடைய மாணவர் அக்கார்ட், பீட்டில் இனிப்பு அதிகமுள்ள வெள்ளை ரகத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, ராஜாவிடம் பண உதவி வாங்கி, இன்று போலந்தில் இருக்கும் குனேர்ன் என்ற ஊரில் உலகத்தின் முதல் பீட் சர்க்கரை ஆலையைக் கட்டினார். 1802-ல் அது அரைக்கத் தொடங்கியது.

அந்தக் காலத்துச் சர்க்கரை என்றால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகள் வெட்டிய கரும்பு. கப்பலில் வரும் அந்தச் சர்க்கரையை, நெப்போலியனோடு சண்டை வந்தபோது இங்கிலாந்துக் கடற்படை பிரான்சுக்குள் வரவிடாமல் மறித்தது. சர்க்கரை இல்லாமல் தவித்த நெப்போலியன் 1811 மார்ச்சில் ஒரு ஆணை போட்டார். 32,000 ஹெக்டேரில் பீட் பயிரிட வேண்டும் என்று. ஏறக்குறைய 80,000 ஏக்கர். நான் சொன்ன பேரரசன் இவர்தான். டெலெசேர் என்பவர் நல்ல சர்க்கரை எடுத்துக் காட்டியபோது அவருக்குக் கௌரவப் பட்டமும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறது. 80,000 ஏக்கரையும் யார் கலைத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுதவில்லை.

நெப்போலியன் தோற்ற பிறகு கடல் வழி திறந்து, பல ஆலைகள் மூடிப்போயின. ஆனால் வித்தை ஊரில் தங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா, ரஷ்யா என்று எங்கு பார்த்தாலும் பீட் வயல். அங்கே மலிவாகச் சர்க்கரை குவிந்ததால் 1880-களில் கரும்புச் சர்க்கரையின் விலை விழுந்தது. பல கரும்புத் தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் தமிழ் ஜனங்களும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் ஒருத்தி குனிந்து கலைத்த கிழங்கு, கடல் தாண்டி இன்னொருத்தியின் கூலியில் கை வைத்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியே இல்லை.

குனிந்தது யார் என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். ஜெர்மனியில் கிழக்கு மாவட்டங்களிலிருந்து சாக்சனி வயல்களுக்கு வருசா வருசம் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். "சாக்சனிக்குப் போகிறவர்கள்" என்று அவர்களுக்குப் பெயரே விழுந்துவிட்டது. நம் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி. டென்மார்க்கில் லோலாண்ட், ஃபால்ஸ்டர் என்ற தீவுகளில் பீட் வேலைக்கு 1893 முதல் போலந்துப் பெண்களை அழைத்து வந்தார்கள். வசந்தத்தில் வருவார்கள், களை கொத்திக் கலைத்து, கிழங்கு பிடுங்கி, குளிர் வரும்போது ஊருக்குத் திரும்புவார்கள். பெரும்பாலும் கல்யாணமாகாத சின்னப் பெண்கள். மொழி தெரியாது. இடையில் ஒரு மேஸ்திரி. கூலியில் ஒரு பங்கு உருளைக்கிழங்கும் பாலுமாக வரும். அவர்களைத் தங்க வைத்த இடமும் நடத்திய விதமும் பேச்சாகி, 1908-ல் டென்மார்க் அரசு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. லோலாண்டில் 1911-ல் கட்டிய அவர்களுடைய கொட்டடி ஒன்று இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பீட் கலைத்தவர்களுக்காக ஒரு கட்டடத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒரு போட்டோக்காரர். பிள்ளைகள் வேலை செய்யும் இடங்களைத் தேடித் தேடிப் படம் எடுத்தவர். 1915-ல் கொலராடோ மாநிலத்துப் பீட் வயல்களில் அவர் எடுத்த படங்களை என் மகள் போனில் காட்டினாள். ஏழெட்டு வயசுப் பிள்ளைகள் மண்ணில் தவழ்ந்து செடி கலைக்கிறார்கள். கிழங்கு வெட்டும்போது தழையைச் சீவ நுனியில் கொக்கி வைத்த கத்தி, பிள்ளையின் கையைவிடப் பெரிசு. அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் பள்ளிக்கூட லீவில்தான் போனேன், அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

இதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது கலிபோர்னியாவில் ஆக்ஸ்நார்ட் என்ற ஊரின் கதை. அங்கே பெரிய பீட் சர்க்கரை ஆலை. சுற்றிலும் பீட் வயல். கலைப்பு வேலையில் ஜப்பான்காரர்களும் இருந்தார்கள், மெக்சிகோக்காரர்களும் இருந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு கங்காணி கம்பெனி ஆரம்பித்து, ஏக்கருக்கு 5, 6 டாலர் என்றிருந்த கலைப்புக் கூலியை 4 டாலருக்கும் கீழே இறக்கினார்கள். கூலியைக் காசாகக் கொடுக்காமல், குறிப்பிட்ட கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கொடுத்தார்கள். 1903 பிப்ரவரியில் இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரே சங்கம் வைத்தது. இரண்டு மொழியிலும் பேசிக் கூட்டம் நடத்தினார்கள். கலைப்பு நாள் தவறினால் பயிர் போச்சு என்பது ஆலைக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்த நாள் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். ஆனாலும் மார்ச் முடிவதற்குள் பழைய கூலியை வாங்கிவிட்டார்கள். பிறகு ஒரு பெரிய தொழிற்சங்கம், "ஜப்பான்காரர்களை விட்டுவிட்டு வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம்" என்றதாம். மெக்சிகோக்காரர்கள் மாட்டோம் என்று எழுதி அனுப்பினார்கள். எங்கள் குழுவில் வேறு தெருப் பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு காலத்தில் மூன்று கூட்டம் சண்டை போட்டோமே, அது ஞாபகம் வந்தது.

இனி இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் கூலிக்காரி இல்லை, படித்தவர். லிடியா மரியா சைல்ட் என்று பெயர். 1829-ல், பணக்காரர் அல்லாத வீட்டுப் பெண்களுக்காகச் சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் அது வீட்டுக்கு வீடு விற்றது. அடிமை முறையை எதிர்த்தும் எழுதினார். அவர் கணவர் டேவிட் வழக்கறிஞர், அவரும் அடிமை முறைக்கு எதிரி. அடிமைகளின் ரத்தம் படாத சர்க்கரையை நாமே செய்து காட்டலாம் என்று அவருக்கு ஒரு வேகம். ஐரோப்பாவுக்குப் போய்ப் பீட் சர்க்கரைத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1838-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்டனில் பீட் பயிர் வைத்து ஆலையும் தொடங்கினார். அமெரிக்காவில் முதல் முதல் பீட் சர்க்கரை செய்தவர்களில் அவர் ஒருவர்.

நோக்கம் தங்கமான நோக்கம். ஆனால் டேவிட்டுக்குக் கணக்கு வராது. கடன் மேல் கடன். புத்தகம் எழுதிய கையால் லிடியா பண்ணை வேலையும் வீட்டு வேலையும் செய்தார். சில வருசத்தில் ஆலை படுத்துவிட்டது. அந்தக் காலத்துச் சட்டப்படி கல்யாணமான பெண் சம்பாதிக்கும் காசு கணவனுடையது. அவள் எழுதிய புத்தகத்தின் காசும் அவன் கடன்காரனுக்குப் போகும். 1841-ல் லிடியா நியூயார்க் போய், அடிமை முறையை எதிர்த்த ஒரு பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1843-ல் தன் வரவு செலவைக் கணவரின் வரவு செலவிலிருந்து தனியாகப் பிரித்துக்கொண்டார். கணவரை விட்டுவிடவில்லை, பின்னால் சேர்ந்தே வாழ்ந்தார்கள். கணக்கை மட்டும் பிரித்தார். கல்யாணமான பெண் தன் பெயரில் சொத்தும் சம்பாத்தியமும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது 1855-ல்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குழு ஆரம்பித்து மூன்றாம் வருசம். உள்கடன் 20,000 ரூபாய் என் பெயரில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கினேன். அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துப் பீட்ரூட் போட்டோம். விதை, எரு, உழவு எல்லாம் அந்தப் பணம். கலைப்புக்கு ஆள் விட முடியாது என்று நானும் என் நாத்தனாரும் நாலு நாள் குனிந்தோம். நன்றாக விளைந்தது. விலையும் இருந்தது. வீட்டுக்காரர் மூட்டைகளை வண்டியேற்றிக் கமிஷன் மண்டிக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் கையில் ஒரு சீட்டோடு வந்தார். காசு இல்லை. போன வருசத் தக்காளிக்கு அவர் வாங்கியிருந்த முன்பணத்தில் மண்டிக்காரர் பிடித்துக்கொண்டார். சீட்டு அவர் பெயரில்தானே இருக்கிறது. மண்டிக்காரர் ஏமாற்றவில்லை, வீட்டுக்காரரும் குடித்து அழிக்கவில்லை. கடன் கடன்தான். ஆனால் குழுக் கடன் என் பெயரில், விளைச்சல் அவர் பெயரில். அந்த மாதக் கூட்டத்துக்கு எந்த முகத்தோடு போவது?

போனேன். நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி கோபப்பட்டாள், "எங்க காசு இது" என்று. சொல்லத்தான் செய்வாள், அவள் காசுதான். கடைசியில் இரண்டு தவணையைத் தள்ளிவைத்துத் தீர்மானம் எழுதினார்கள். கூடவே பிரதிநிதி அக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அடுத்த முறை பயிர்க் கடன் வாங்கும் உறுப்பினர், விற்பனைச் சீட்டைத் தன் பெயரில் வாங்கி வந்து குழுவில் காட்ட வேண்டும். அடுத்த போகத்தில் மூட்டையோடு நானும் வண்டியில் ஏறிப் போனேன். "பேரு?" என்று கேட்டபோது என் பெயரைச் சொன்னேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றார். "கடன் என் பேருலதாங்க இருக்குது. சீட்டையும் என் பேருலயே எழுதுங்க" என்றேன். எழுதினார். அந்தச் சீட்டு இன்னும் என் சேமிப்புப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்த முறை விலை விழுந்து கிலோ மூன்று ரூபாய்க்குத்தான் போனது. ஆனாலும் என் பெயரில் விழுந்த விலை.

இந்தக் கிழங்கு நம்மிடம் எப்படி வந்தது? வெள்ளைக்காரர்கள் வழியாகத்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி மலைக்கு ஏறி, அங்கே தங்கி, ஐரோப்பியக் காய்கறி, பழங்களை வளர்க்கத் தொடங்கினார். இன்று நாம் பூக்கண்காட்சிக்குப் போகிறோமே ஊட்டித் தாவரவியல் பூங்கா, அது முதலில் காய்கறித் தோட்டம். 1840-களில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் தலைக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, நியாயமான விலையில் காய் கிடைக்க ஒரு தோட்டம் வைத்தார்கள். நம்ம குழு மாதிரியே மாதச் சந்தா! நடத்தத் தெரியாமல் அது நொடித்துப்போனது வேறு கதை. 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்பவர் வந்து அதைப் பூங்காவாக்கினார். மலையில் பழகிய இந்தச் சீமைக் காய்களுக்குச் சந்தையில் இன்றும் "இங்கிலீஷ் காய்" என்றுதான் பெயர். கேரட், கோஸ், நூல்கோல், டர்னிப், பீட்ரூட். புத்தகத்தில் செங்கிழங்கு, அக்காரக்கிழங்கு என்றெல்லாம் எழுதுகிறார்கள். சந்தையில் அப்படிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

பிறகு மலையை விட்டுக் கீழே இறங்கி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், உடுமலை, ஓசூர்ப் பக்கமெல்லாம் பரவியது. சமவெளியில் மழைக்காலத்துக் குளிர்ச்சியில் நன்றாக வரும். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஊட்டி 1 என்று ஒரு ரகம் கொடுத்திருக்கிறது. நீலகிரிக் குளிரிலேயே விதை பிடிக்கக்கூடியது. பீட்ரூட் விதை பிடிக்க நல்ல குளிர் வேண்டும், அதனால்தான் நம் காட்டில் நாமே விதை எடுக்க முடிவதில்லை. விதை டப்பாவில் "டெட்ராய்ட் டார்க் ரெட்" என்று பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து விதைக் கம்பெனி 1892-ல் வெளியிட்ட ரகம் அது. நூற்று முப்பது வருசத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஊன்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விதையில் ஒரே செடி முளைக்க வைக்க முடியாதா? முடியும், செய்தும் விட்டார்கள். உக்ரைன் நாட்டு விஞ்ஞானத் தம்பதி சாவிட்ஸ்கி, கணவர் வியாசெஸ்லாவ், மனைவி ஹெலன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகதிகளாக அமெரிக்கா போனார்கள். 1948-ல் ஆரிகன் மாநிலத்தில் விதை வயல்களில் செடி செடியாகத் தேடி, லட்சக்கணக்கான செடிகளுக்கு நடுவே ஒற்றைப் பூ ஒற்றை விதை வைக்கும் சில செடிகளை வியாசெஸ்லாவ் கண்டுபிடித்தார். ஹெலனும் அதே துறையில் ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்தவர். அந்தச் செடிகளின் வழிவந்த ஒற்றை விதைதான் பிறகு சர்க்கரைப் பீட் வயல்களில் பரவியது. இயந்திரம் இடைவெளி விட்டு ஊன்றிவிடும், கலைக்க ஆள் வேண்டாம். கலிபோர்னியாவில் பீட், கோஸ் வகை வயல்களில் குனிய வைத்தே இடுப்பை ஒடித்த குட்டைக் கைப்பிடிக் கொத்தும் 1975-ல் தடை ஆனது.

அது சர்க்கரைப் பீட்டுக்கு. உலகச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது, அதனால் பணம் போட்டு ஆராய்ந்தார்கள். நாம் சமைக்கும் சிவப்புப் பீட்ரூட்டில் ஒற்றை விதை ரகம் ஒன்றிரண்டு இருந்தாலும் நம் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய கொத்து விதைதான். அதனால்தான் நாம் இன்னும் குனிகிறோம். என் மகளிடம், "நீ படிச்சு முடிச்சு இதுக்கு ஒரு வழி பண்ணு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியில் வருகிறேன் என்று சொன்ன சமையல். கிழங்கை வேக வைக்கும்போது தோல் சீவாதீர்கள். மேலே காம்பு ஒரு விரல்கடை, கீழே வாலும் இருக்கட்டும். வெட்டுப்படாமல் வெந்தால் நிறம் தண்ணீரில் இறங்காது, வெந்த பிறகு தோல் கையோடு வழுக்கிக்கொண்டு வரும். ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் சிவப்பு நிற்கும். சோடா உப்புப் போட்டால் நிறம் கெட்டு மஞ்சளாகத் திரும்பும். இந்தச் சிவப்புச் சாயமும் காகிதப்பூவின் நிறமும் சிவப்புத் தண்டுக்கீரையின் நிறமும் ஒரே வகைதான். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பிள்ளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், சிலருக்கு அப்படிப் போகும். சாப்பிடாமலேயே போனால்தான் காட்ட வேண்டும்.

தழையை என் அம்மா ஒருநாளும் போட்டதில்லை. கலைக்கும்போது பிடுங்கிய இளஞ்செடிகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார். வேரைக் கிள்ளிவிட்டு, மூன்று தண்ணீர் அலசி, பாசிப்பருப்பு குழைய வேக வைத்து, சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம் தாளித்து, தழையைப் போட்டு இரண்டு கொதி. இறக்கும்போது ஒரு கைப்பிடி தேங்காய். கலைப்பு நாளில் எங்கள் வீட்டில் அதுதான் குழம்பு. கூலி வாங்கிய காசு கடைக்காரருக்குப் போகும், அந்தக் கீரை எங்களுக்கு.

வருகிற ஐப்பசியில் எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஏக்கர் போடுகிறோம். சீட்டு ஐந்து பேர் பெயரிலும் எழுத வேண்டும் என்று இந்த முறை முன்கூட்டியே மண்டியில் சொல்லிவிட்டு வந்தோம். விதை ஊன்றி இருபதாம் நாள் கலைப்பு. பக்கத்துக் குழுக்காரர்கள் ஒரு நாள் கை கொடுக்க வந்தால், மத்தியானச் சோறும் கீரைக் குழம்பும் எங்கள் பொறுப்பு.